டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

அடைக்கப்பன் ஸ்டாப்வாட்சோடு வந்து பக்கத்தில் நின்றாலே செகப்பி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்ததைச் சேமிக்கப் பறப்பாள். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு மனப்பாடம். "செகப்பி, கொஞ்சம் எந்திரி லா. ரெண்டே நிமிஷம். ஒன்னே ஒன்னு மாத்திப் பாத்துடுறேன்." அந்த ரெண்டு நிமிஷம் சில நாள் ஒரு மணி நேரமாகும். ஜூன் மாதத்தில் ஒருமுறை பத்து நாளே ஆனது.

அவள் கணவர் அடைக்கப்பன் ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க ஒவ்வொருவர் கண்ணுக்கு முன்னாலும் ஒரு லென்ஸை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே அவருக்குப் பொழுது போகும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, ஒயரை மாற்றி, "இது வேகமா, அது வேகமா?" என்று ஆரம்பித்துவிடுவார். பதில் சொல்ல வேண்டியவள் செகப்பி. அவளுக்கோ எழுதி முடிக்க ஓர் ஆய்வறிக்கை இருந்தது.

அவள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஏழு வருடமாகத் தபால் வழியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விலைபோன பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துவிட்டு டவுன் ஓரத்துக்கு வந்த பெண்கள் இருபத்து மூன்று பேரைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதையெல்லாம் ஆறு நோட்டுகளில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். அதை மலாய் மொழியில் அறிக்கையாக்கிப் பல்கலைக்கழகத்தின் ஈப்போ அலுவலகத்தில் ஒப்படைத்தால் பட்டம். போன வருடமே கொடுத்திருக்க வேண்டியது, கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருடம் தவணை வாங்கியிருந்தாள். இந்த வருடம், அதாவது எண்பத்தேழு, அக்டோபர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் ஏழு வருடமும் ஆற்றோடு போனது மாதிரிதான்.

இந்த அறிக்கைக்காகத்தான் ஜனவரியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அப்படித்தான் அடைக்கப்பன் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார். ஆனால் பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அறிக்கை அவருக்கு மறந்துபோய், பெட்டி மட்டும் ஞாபகத்தில் நின்றது.

முதலில் அதில் டிஸ்கெட் போடுகிற டிரைவ் ஒன்றுதான் இருந்தது. எழுதுகிற புரோகிராம் ஒரு டிஸ்கெட்டில், செகப்பி எழுதியது இன்னொன்றில். அதை உருவி இதைப் போடு, இதை உருவி அதைப் போடு என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தைச் சேமிப்பதற்குள் சோறு வடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாம் அத்தியாயத்தைத் திறக்க நாற்பத்தோரு விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கண்டுபிடித்தவர் அடைக்கப்பன். நாற்பத்தொன்றோ அறுபதோ, அவளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

ஏப்ரலில் இரண்டாவது டிரைவ் வந்தது. ஏ, பி என்று இரண்டு. இருபத்தெட்டு விநாடி. வேலை உண்மையிலேயே சுலபமாயிற்று, அதை அவளே ஒத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? ஜூனில் எதையோ திருப்பி மாட்டப்போய் இரண்டு டிரைவுமே கண்ணை மூடிக்கொண்டன. கம்ப்யூட்டர் விற்ற கடை முதலாளி, அந்தத் தவுக்கே வந்து பார்க்கப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் செகப்பி நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் ஒன்னுமில்ல. ஹார்ட் டிஸ்க் ஒன்னு போட்டுட்டா எல்லாம் சினாங், சுலபமாயிடும்," என்றார் அடைக்கப்பன். "இருபது மெகாபைட். உன் டிஸ்கெட் ஐம்பதுக்கு மேல அதுக்குள்ள அடங்கிடும். தவுக்கே சிங்கப்பூர்ல சொல்லி வச்சிருக்காரு. ஆறு வாரத்துல வந்துடும்."

"எனக்கு ஒரு டிஸ்கெட் போதுங்க. என்னை எழுத விடுங்க."

"எழுதத்தானே சொல்றேன். வேகமா எழுதலாம்ல."

ஆறு வாரம் பத்து வாரமாகியும் ஹார்ட் டிஸ்க் வரவில்லை. பொறுமையில்லாத மனிதர் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, செப்டம்பரில் இன்னொரு வித்தை செய்தார். கம்ப்யூட்டரின் மெமரியிலேயே கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, அதையும் ஒரு டிரைவ் என்று நம்பவைத்துவிட்டார். அதற்குப் பெயர் சி. கண்ணுக்குத் தெரியாத டிரைவ். சத்தம் இல்லை, சுற்றல் இல்லை. சேமி என்று தட்டினால் விரலை எடுப்பதற்குள் சேமித்துவிடும்.

"எவ்வளவு நேரம் ஆச்சு பாத்தியா?" ஸ்டாப்வாட்சை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "அமுக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு! ஆனா ஒன்னு. கரண்ட் போனா சி-யில இருக்கிறது மொத்தமும் போயிடும். அதனால தினம் எழுதி முடிச்சதும் சிம்பான்னு மலாயில அடி. பி-யில இருக்கிற டிஸ்கெட்டுக்குக் காப்பி ஆயிடும். அவ்வளவுதான்."

இங்கேதான் செகப்பியும் கவிழ்ந்தாள். அந்த வேகம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அதை மறைத்துப் பயனில்லை. கடைசி அத்தியாயமான ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்க சி-யிலேயே எழுதினாள். அதுதான் அறிக்கையின் உயிர். பெண்கள் தம் வாயால் சொன்னதெல்லாம் வருகிற இடம். முதல் நாலு அத்தியாயமும் ஏற்கெனவே அச்சடித்து அலமாரியில் இருந்தன. ஐந்தாவது மட்டும் சி-யில் வளர்ந்து, தினம் சாயங்காலம் ஒரே ஒரு டிஸ்கெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமை வரை முப்பத்தொரு பக்கம்.

வியாழக்கிழமை சரஸ்வதி பூசை.

பள்ளிவிட்டு வந்ததும் அவள் உட்கார்ந்து, ஐந்து மணி வரை நாலு பக்கம் அடித்து அத்தியாயத்தை முடித்தேவிட்டாள். முடித்த சந்தோஷத்தில் எழுந்து கையைக் காலை நீட்டினாள். நாளைச் சாயங்காலம் ஒரு தரம் படித்துப் பார்த்து அச்சடித்தால் தீர்ந்தது. குளித்துவிட்டு வரச் சொல்லி அடைக்கப்பன் குரல் கொடுத்தார். குளித்து வந்து சிம்பான் அடிக்கலாம், கம்ப்யூட்டர் எங்கே ஓடிவிடப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

குளித்து வந்தவளுக்குப் பூசை வேலை நிற்க நேரமில்லாமல் இழுத்துக்கொண்டது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, ஆறு நோட்டுகளையும் அடுக்கினாள். பேனா, கணவரின் லென்ஸ் பெட்டி, ஸ்டாப்வாட்ச் என்று ஒவ்வொன்றாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு வந்தாள். ஏழு வருடப் படிப்பின் கடைசிப் பூசை. அதனால் டிஸ்கெட்டையும் பி-யிலிருந்து உருவிக்கொண்டு வந்து வைத்தாள். அசல் சி-யில் இருக்கிறது, இது வெறும் காப்பிதானே என்ற தைரியம். காகித உறையில் வைத்தால் சந்தனம் ஊறிவிடும் என்று உறையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கறுப்புச் சதுரத்தின் ஓரமாக நீளவாக்கில் ஒரு திறப்பு, உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஏதோ தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்டுவைத்த இடம் மாதிரி இருந்தது. பக்தியாக, தண்ணீர் கொஞ்சம் தாராளமாகவே குழைத்த சந்தனத்தை அங்கே வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தாள்.

அதே நேரத்தில் அடைக்கப்பன் முன் வாசலில் ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கிற வழக்கம் அது. கடையில் லென்ஸ் தேய்க்கிற மோட்டாருக்கு அன்றைக்கு ஓய்வு. பொட்டு வைத்து, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் தீபாராதனை. அப்பா போன பிறகு அதை வீட்டிலும் விடாமல் செய்துவந்தார். ஐஸ்பெட்டி, காற்றாடி, சகலத்துக்கும் அரை மணி நேரம் ஓய்வு. கம்ப்யூட்டர் ஞாபகம் அவருக்கு வராமலில்லை. தினமும்தான் சிம்பான் அடிக்கிறாளே, டிஸ்கெட்டில் பத்திரமாக இருக்கும் என்ற தைரியத்தில் சுவிட்சை இறக்கினார்.

காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது. செகப்பிக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, விளக்குத் திரி அணையாது என்பதுதான். அடுத்த விநாடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஐயோ, சி! நாலு பக்கம் போச்சே! சரி, போனால் நாலு பக்கம்தானே, புதன்கிழமை வரைக்கும்தான் டிஸ்கெட்டில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டே குனிந்து டிஸ்கெட்டைப் பார்த்தாள். குத்துவிளக்கு வெளிச்சத்தில், அந்தத் திறப்பின் வழியாகச் சந்தனம் சொட்டுச் சொட்டாய் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடைக்கப்பன் கற்பூரத்தோடு உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்து, அவள் கை காட்டிய இடத்தைப் பார்த்து, "இதுல யாரு பொட்டு வச்சது?" என்றார்.

"மெயினை யாரு அணைச்சது?"

"நீ சிம்பான் பண்ணியிருப்பன்னு நெனச்சேன்."

"அசல் சி-யில இருக்குன்னு நான் நெனச்சேன்."

தீபாராதனை நடந்தது. இரண்டு பேரும் கும்பிட்டார்கள். சரஸ்வதி அம்மாவிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

மெயினைப் போட்டதும் செகப்பி நோட்டுகளை எடுக்கக் கை நீட்டினாள். இப்போதே உட்கார்ந்தால்தான் திங்கட்கிழமைக்குள் ஆகும். "சாமிகிட்ட வச்சதைக் காலையில மறுபூசை பண்ணித்தான் எடுக்கணும், செகப்பி," என்று தடுத்தார் அடைக்கப்பன். சொல்லிவிட்டு டிஸ்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அது மட்டும் சாமிகிட்ட வச்சதில்லையா?"

"இது ஆபத்து லா. அம்மா கோவிச்சுக்க மாட்டா."

கண்ணாடி துடைக்கிற தண்ணீரைச் சொட்டவிட்டு, மெல்லிய துணியால் அந்தத் திறப்பைத் துடைத்தார். முப்பது வருடமாகக் கண்ணாடி துடைத்த கை, கீறல் விழாமல் அழகாகத்தான் துடைத்தது. உள்ளே போன சந்தனமோ உள்ளேயே இருந்தது. டிஸ்கெட்டைப் பி-யில் செருகினார். கர்ர்ரென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. மறுபடி செருகினார், மறுபடி கர்ர்ர். வேறொரு நல்ல டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தார், அதையும் படிக்க முடியவில்லை என்றது. சந்தனம் டிரைவுக்கே போய் அப்பிக்கொண்டுவிட்டது. எட்டு மாதமாக வேகம் வேகம் என்று பாடுபட்டதில், ஜனவரியில் இருந்த அதே ஒற்றை டிரைவுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

இப்போதுதான் செகப்பி கத்தினாள். "தொடாதீங்க! அந்தப் பெட்டியைத் தொடாதீங்க. ஒரு ஸ்க்ரூவைத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!" பிறகு சக ஆசிரியை கெர்ட்ரூட்டுக்கு போன் போட்டு அழுதாள். கெர்ட்ரூட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இந்த இருபத்து மூன்று பெண்களில் பாதிப் பேரை அறிமுகப்படுத்தி வைத்தவளே அவள்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "அழுவாத க்கா. நாளைக்கு லீவு போடு, ஹெட்மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நோட்டு இருக்குல்ல? நோட்டு இருந்தா எல்லாம் இருக்கு," என்றாள்.

விஜயதசமி காலையில் மறுபூசை ஆனதும் எதையாவது கொஞ்சம் படிக்க வேண்டும் என்பது வழக்கம். அடைக்கப்பன் வருடா வருடம் கம்ப்யூட்டர் பத்திரிகையோ கண்ணாடிக் கம்பெனியின் விலைப்பட்டியலோ எடுத்து ஒரு பக்கம் படித்துவிட்டு எழுந்துவிடுவார். இந்த வருடம் பத்திரிகைக்குக் கை நீட்டியவரின் கையில் செகப்பி முதல் நோட்டை வைத்தாள்.

"இதைப் படிங்க. சத்தமாப் படிங்க. நான் திரையைப் பாத்துக்கிட்டே மலாயில அடிக்கிறேன். நோட்டையும் திரையையும் மாத்தி மாத்திப் பாத்தா மூணு நாள் பத்தாது."

"கடையை யாரு பாக்கிறது?"

"மூடி வைங்க. அதுக்கும் ஓய்வு."

மூன்று நாளும் கடை மூடிக்கிடந்தது. அவர் படிக்க, அவள் அடித்தாள். முதல் நாள் விலைப்பட்டியல் படிக்கிற குரலில்தான் படித்தார். நிரை, மங்கு, பெரட்டு என்று தோட்டத்துச் சொல் வருகிற இடத்திலெல்லாம் தடுமாறினார். "இது என்ன எழுத்து?" என்று கேட்டு அவளுக்கு எரிச்சலூட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் அவள் சேமிக்க வேண்டும். அதை உருவி இதைப் போடு என்று திரை கேட்கும், டிரைவ் முனகும், இருவரும் காத்திருப்பார்கள். காத்திருக்கிற நேரத்தில் அவருடைய விரல் ஸ்டாப்வாட்சைத் தேடியது. அது பூசை மேடையில் இருந்தது. எழுந்து போய் எடுக்க அவருக்குத் துணிவில்லை. வேறு செய்ய ஒன்றுமில்லாததால் நோட்டில் அடுத்த பக்கத்தைத் தனக்குத்தானே படிக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நல்லம்மாளின் பக்கம் வந்தது. பால்மரம் வெட்டிய பெண். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதி வைத்திருந்தாள் செகப்பி.

"'எங்க வீட்டுக்காரரு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்னு வாங்கினாரு,'" என்று அடைக்கப்பன் படித்தார். "'என்னைய டவுனுக்குக் கூட்டிப்போகத்தான் வாங்கினாரு. ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. இன்னும் கொஞ்சம் வேகமா ஓடணும்னு ஞாயித்துக்கிழமையானா கழட்டிருவாரு.'" இங்கே அடைக்கப்பன் லேசாகச் சிரித்தார். "'மூணாவது பிள்ளைக்கு வலி கண்ட அன்னைக்கு இஞ்சின் சாக்கு மேல கெடக்குது. நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன் டீச்சர், மூணு மைலு. பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வாரேன், அவரு அப்பவும் ஸ்க்ரூவைத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு.'"

சிரிப்பு பாதியிலேயே நின்றது. செகப்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடித்து முடித்துச் சேமி என்று தட்டினாள். டிரைவ் முனகத் தொடங்கியது.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?" என்றார் அடைக்கப்பன்.

"என் வகுப்புலதான். முதல் பெஞ்சு. நாலு தடவை சொல்லியிருக்கேன் உங்ககிட்ட."

அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குக் கோபம் தணியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதருக்கு எட்டு மாதமும் ஒரு கிண்ணம் சந்தனமும் தேவைப்பட்டிருக்கிறதே என்று இன்னும் ஏறத்தான் செய்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் படித்த குரலில் விலைப்பட்டியல் இல்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அறிக்கை அலுவலகத்து மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த அம்மாள் முத்திரை குத்திக் கொடுத்த ரசீதைச் செகப்பி இரண்டாக மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஏழு மணிக்கே படுத்துவிட்டாள்.

மறுநாள் தவுக்கேயிடமிருந்து போன் வந்தது. ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டதாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடைக்கப்பன் மூடியைக் கழற்றுகிற சத்தமும், ஸ்க்ரூ தரையில் உருளுகிற சத்தமும் கேட்டன. தடுக்க அவளுக்குத் தெம்பில்லை, தேவையும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து உற்சாகமான குரல் வந்தது.

"செகப்பி! உன் அஞ்சாவது அத்தியாயத்தை ஏத்தித் திறந்தேன். மூணே விநாடி! வந்து பாரு லா!"

"நான் எழுதிக் குடுத்து ஒரு நாள் ஆச்சுங்க," என்றாள் செகப்பி. வெங்காயம் கண்ணைக் கரித்தது.

அப்புறம் சத்தமே இல்லை. வழக்கமாக மூன்றை இரண்டாக்க மறுபடி மூடியைக் கழற்றுகிறவர். என்ன ஆயிற்று என்று கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, தம் கண்ணாடியை மேலேற்றி மேலேற்றிப் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஸ்டாப்வாட்ச் நிறுத்துவாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு வரி கொறையுது," என்றார் திரும்பாமல். "நல்லம்மா சொன்னது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வர்றாங்கல்ல, அப்பவும் அவரு ஸ்க்ரூவைத் தேடிக்கிட்டு இருந்தாருன்னு. நோட்டுல இருந்துச்சே, நான்தானே படிச்சேன். இதுல காணோமே?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

"நம்ம வீட்டு விஷயத்தை யுனிவர்சிட்டிக்கு எதுக்குச் சொல்லணும்னுதான்," என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை முடிக்கச் சமையலறைக்குப் போனாள்.